இரு சக்கரச் சரித்திரம் – 14: விற்காத சரக்கு யார் தலையில்?

1897-ஆம் ஆண்டு கோடையில், சீசன் இன்னும் முடியாத நேரத்தில், கொலம்பியா சைக்கிளின் விலை 100 டாலரில் இருந்து 75 டாலருக்கு இறங்கியது. அந்த 100 டாலரைப் பார்த்துத்தான் மற்ற கம்பெனிகள் தங்கள் விலையைப் போட்டன. ஊர் ஊராக இருந்த ஏஜென்டுகள் அந்தத் தொகை நிற்கும் என்று நம்பித்தான் கடன் வாங்கிச் சரக்கு எடுத்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் 100 டாலர் வண்டியாகக் கடையில் நின்றது மறுநாள் காலையில் 75 டாலர் வண்டி ஆகிவிட்டது.

சின்ன ஊரில் கடை வைத்திருந்த ஒருவரின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். 100 டாலர் வண்டியைக் கழிவு போக 70 டாலருக்கு எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். விற்றால் 30 டாலர் நிற்கும். கடை வாடகை, வேலையாள் சம்பளம், பாங்கிக் கடனுக்கு வட்டி, வாடிக்கையாளரின் பழைய வண்டியை மாற்றாக எடுத்துக்கொண்டால் அதில் போகிற நஷ்டம் எல்லாம் இந்த 30 டாலருக்குள் அடங்க வேண்டும். 75 என்று விலை இறங்கிய பிறகு நிற்பது 5 டாலர். எதிர்த்த கடைக்காரர் பயந்துபோய் 68-க்குத் தள்ளிவிட்டால் அசலிலேயே கை வைக்க வேண்டியதுதான். இது ஒரு வண்டிக் கணக்கு. கடைக்குள் இருபதோ முப்பதோ வண்டி நின்றால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

அமெரிக்கச் சைக்கிள் தொழில் சரிந்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலாளிகளின் கதையைத்தான் சொல்கிறார்கள். அது சுவையான கதை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பணம் எங்கே தொலைந்தது என்று தெரிய வேண்டுமானால் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கொலம்பியா வண்டியைச் செய்த கர்னல் ஆல்பர்ட் போப்பை இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர். 1876-இல் ஃபிலடெல்ஃபியா நூற்றாண்டுக் கண்காட்சியில் இங்கிலாந்தில் இருந்து வந்திருந்த உயரச் சக்கர வண்டிகளைப் பார்த்தவர். 1878-இல் ஹார்ட்ஃபோர்டில் இருந்த வீட் தையல் மெஷின் கம்பெனியிடம் 50 வண்டி செய்து தரச் சொல்லி ஆர்டர் கொடுத்துத் தொழிலை ஆரம்பித்தார். பிறகு லாலமோ என்பவரின் 1866-ஆம் வருஷத்துச் சைக்கிள் பேட்டன்ட் உள்படக் கண்ணில் பட்ட உரிமைகளையெல்லாம் வாங்கிக் குவித்தார். அமெரிக்காவில் யார் சைக்கிள் செய்தாலும் அவருக்குப் பணம் கட்ட வேண்டிய நிலைமை வந்தது. நாளடைவில் வீட் கம்பெனியே அவர் ஆதிக்கத்தில் வந்துவிட்டது.

1893-இல் அமெரிக்காவில் பெரும் பண நெருக்கடி. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 500-க்கு மேல் பாங்கிகள் மூடிக்கொண்டன. ரயில்வே கம்பெனிகள் வரிசையாக மஞ்சள் கடுதாசி நீட்டின. அந்தச் சமயத்தில் நன்றாக ஓடிய தொழில்களில் ஒன்று சைக்கிள். சம உயரச் சக்கரமும் காற்றடைத்த டயரும் சேர்ந்து வந்ததில் பெண்களும் வயதானவர்களும்கூட ஓட்ட ஆரம்பித்தார்கள். பியானோ வியாபாரி, சுருட்டு வியாபாரி, நகைக் கடைக்காரர் எல்லாரும் தங்கள் வாடிக்கையாளரின் பணத்தைச் சைக்கிள் கொண்டுபோகிறது என்று புலம்பினார்கள். மற்ற தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் மிச்சமிருந்த முதலைக் கொண்டுவந்து இங்கே போட்டார்கள். துப்பாக்கி செய்தவர், தையல் மெஷின் செய்தவர், விவசாயக் கருவி செய்தவர் எல்லாரும் சைக்கிளுக்கு மாறினார்கள். 1890-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் இருந்த சைக்கிள் தொழிற்சாலைகள் 27. 1900-இல் 312. நடுவில் எத்தனை திறந்து எத்தனை மூடின என்பது அந்த எண்ணிக்கையில் வராது.

இத்தனை பேர் நுழைய முடிந்ததற்குக் காரணம் உண்டு. ஹப், ரிம், செயின், பெடல், சீட் எல்லாவற்றையும் தனித்தனியாகச் செய்து விற்கிற கம்பெனிகள் வந்துவிட்டன. குழாயை வாங்கி ஃபிரேமைப் பற்றவைத்து, பாகங்களைப் பூட்டி, முன்னால் ஒரு பெயர்த் தகட்டை ஒட்டிவிட்டால் புது பிராண்டு தயார். போப்பின் பேட்டன்ட் வேலியும் அதற்குள் காலாவதியாகி விழுந்திருந்தது.

இந்தத் தொழிலின் பண ஓட்டம் ஆரம்பத்தில் இருந்தே ஆபத்தாகத்தான் அமைந்திருந்தது. வண்டி விற்பது வசந்தத்திலும் கோடையிலும், செய்வது குளிர்காலத்தில். ஜனவரியில் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் பெரிய கண்காட்சி நடக்கும். ஏஜென்டுகள் அங்கே வந்து புது மாடலைப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். அந்த ஆர்டரைக் காட்டித் தொழிற்சாலை பாங்கியில் கடன் வாங்கி இரும்பும் ரப்பரும் வாங்கும். ஏஜென்ட் புரோநோட்டு எழுதிக் கொடுத்துச் சரக்கை எடுப்பார். வாங்குகிறவர் தவணையில் கட்டுவார். குழாய் ஆலையில் இருந்து தவணைக்காரர் வரை ஒரே கடன் சங்கிலி. ஏப்ரல், மே மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால் போதும், சங்கிலி முழுவதும் இழுபடும்.

வருஷா வருஷம் புது மாடல் என்ற பழக்கத்தையும் இந்தத் தொழில் ஏற்படுத்திக்கொண்டது. ஹேண்டில்பார் கொஞ்சம் தாழும், வண்ணம் மாறும், குழாய் அரைக்கால் அங்குலம் பருக்கும். புதுசு வாங்கத் தூண்டுவதற்காகச் செய்தது. ஆனால் அக்டோபரில் கடையில் நிற்கிற வண்டி பிப்ரவரியில் பழைய மாடல் ஆகிவிடும். துரு பிடிக்காமல், டயர் தேயாமல், கடைக்குள் சும்மா நின்றே மதிப்பு இறங்குகிற சரக்கு அது. உணவுப் பொருளுக்குத்தான் கெட்டுப்போகிற தேதி உண்டு. இரும்புக்கு அதை இவர்களாகவே உண்டாக்கினார்கள். இந்த யோசனையைத்தான் இந்தத் தொழில் செய்த மிகப் பெரிய தவறாக நான் நினைக்கிறேன்.

விலை இறங்கியதற்கு வேறு ஒரு பக்கமும் உண்டு. சிகாகோவில் வெஸ்டர்ன் வீல் ஒர்க்ஸ் என்ற கம்பெனி கிரெசன்ட் என்ற வண்டியைச் செய்தது. ஹார்ட்ஃபோர்டில் பாகங்களை முரட்டு இரும்பில் இருந்து கடைந்து எடுத்தார்கள். சிகாகோவில் தகட்டை அச்சில் அழுத்தி எடுத்தார்கள். கடைசலில் பாதி இரும்பு சீவலாகப் போகும். அச்சில் சேதாரம் குறைவு, நேரமும் மிச்சம். அதனால் கிரெசன்ட் கொலம்பியாவைவிட எவ்வளவோ மலிவாக வந்தது, ஓட்டுகிறவருக்குப் பெரிய வித்தியாசமும் தெரியவில்லை. அதற்குப் பின்னால் பெரிய பல்பொருள் அங்காடிகளும் தபாலில் விற்கிற கம்பெனிகளும் வந்தன. சியர்ஸ் கேட்டலாக்கில் 20 டாலருக்கும் குறைவாகவே வண்டி கிடைத்தது. ஓட்டிச் சலித்தவர்களின் பழைய வண்டிகளும் சந்தைக்கு வந்து குவிந்தன. நல்ல சைக்கிளின் ஆயுள் பத்து வருஷத்துக்கு மேல். வாங்கினவர் திரும்பி வர வேண்டிய அவசியமே இல்லை.

பணக்காரர்களும் விலகினார்கள். எல்லாரும் ஓட்டுகிற வண்டியில் அவர்களுக்கு என்ன பெருமை? நகரங்களில் மின்சார டிராம் ஐந்து சென்ட்டுக்கு மழையில் நனையாமல் கொண்டுபோய் விட்டது.

சைக்கிளைக் கொன்றது மோட்டார் கார் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். தேதியைப் பார்த்தாலே அது பொருந்தாது. 1900-இல் அமெரிக்கா முழுவதிலும் ஓடிய கார்கள் சுமார் 8,000. முந்தின வருஷம் மட்டும் தொழிற்சாலைகள் செய்து தள்ளிய சைக்கிள்கள் சுமார் 12 லட்சம். அந்த 12 லட்சத்துக்கும் ஆள் தேடித்தான் தொழில் திணறிக்கொண்டிருந்தது. கார் வந்து சேர்ந்தபோது சைக்கிள் கம்பெனிகள் ஏற்கெனவே விழுந்து கிடந்தன. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஆலைத் தொழிலாளியின் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் விலை வைத்த வண்டி, அவர் ஒரு மாதத்துக்குள் வாங்கக்கூடிய வண்டியாக மாறியது இந்தச் சரிவில்தான். கம்பெனிகளுக்குக் கெட்ட காலம் என்று எல்லாரும் எழுதுகிற அந்த வருஷங்களில் சைக்கிள் உழைக்கிறவர் கைக்கு வந்தது.

1897 முடிவதற்குள் முதல் பெரிய தலை உருண்டது. மாசசூசெட்ஸில் சிக்கோபி ஃபால்ஸ் என்ற ஊரில் ஓவர்மன் கம்பெனி விக்டர் என்ற வண்டியைச் செய்தது. தரத்தில் கொலம்பியாவுக்குச் சமம் என்று பேர் வாங்கிய வண்டி. அந்தக் கம்பெனியே கடன் கட்ட முடியாமல் நின்றதும் பாங்கிகள் மற்றவர்களுக்கும் கையை இறுக்கின. 1898-க்கு போப் ஒரு புதுமையைக் கொண்டுவந்தார். செயினே இல்லாமல், பல்சக்கரத் தண்டால் ஓடுகிற கொலம்பியா. விலை 125 டாலர். பணக்காரர்களைத் திரும்ப இழுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். வண்டி நன்றாகத்தான் இருந்தது. 125 டாலர் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

பிறகு வந்தது டிரஸ்ட். பேஸ்பால் பந்து விற்றுப் பெரும் பணம் சேர்த்த ஆல்பர்ட் ஸ்பால்டிங்குக்கும் சைக்கிள் தொழிலில் பங்கு உண்டு. ‘போட்டியால்தான் எல்லாரும் அழிகிறோம், ஒரே கம்பெனியாகச் சேர்ந்துவிடுவோம்’ என்று அவர் முன்னின்று பேசினார். எண்ணெய், சர்க்கரை, எஃகு என்று எல்லாத் தொழிலிலும் டிரஸ்ட் கட்டிக்கொண்டிருந்த காலம். 1899-இல் நாற்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் சேர்ந்து அமெரிக்கன் பைசைக்கிள் கம்பெனி உருவானது. கொலம்பியா, கிரெசன்ட், ராம்ப்ளர், மோனார்க், கிளீவ்லண்ட் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். முதலில் 8 கோடி டாலர் என்று பேசினார்கள்; கடைசியில் 4 கோடியில் நின்றது. அதில் 1 கோடி கடன் பத்திரம்.

இந்த 4 கோடியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கம்பெனிகளைக் கொடுத்தவர்களுக்கு விலை கொஞ்சம் ரொக்கமாகவும் மீதி பங்காகவும் பத்திரமாகவும் போயிற்று. விலை நிர்ணயம் செய்தபோது கொழித்த நாட்களின் லாபமும் ‘பிராண்டின் பெயர்’ என்ற மதிப்பும் உள்ளே ஏறிக்கொண்டன. ஓடாத மெஷினும் ஆளில்லாத கட்டடமும்கூடக் கணக்கில் சொத்தாக உட்கார்ந்தன. சந்தை பாதியாகச் சுருங்கிய நேரத்தில் முழுச் சந்தைக்குத் தகுந்த முதலுக்கு வட்டி கட்ட வேண்டிய ஏற்பாடு அது. கடன் பத்திரத்துக்கு வட்டி லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும்.

செலவைக் குறைக்க டிரஸ்ட் தொழிற்சாலைகளை ஒவ்வொன்றாக மூடியது. பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டது. ஒரே ஆலையில் செய்த வண்டிக்கு வேறு வேறு தகடு ஒட்டினார்கள். ஊர் ஊராகச் சுற்றிய விற்பனை ஆட்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஒரு ஊரில் கொலம்பியாவுக்கு ஒருவர், கிளீவ்லண்டுக்கு ஒருவர், ராம்ப்ளருக்கு ஒருவர் என்று ஏஜென்டுகள் இருந்தார்கள். வருஷக்கணக்காக ‘அவன் வண்டியைவிட என் வண்டி உசத்தி’ என்று சொல்லி வாடிக்கையாளரைச் சேர்த்தவர்கள். இப்போது எல்லா வண்டியும் ஒரே கம்பெனி வண்டி. ஒருவர் சொல்லி வந்த உசத்திக்கு என்ன அர்த்தம்? டிரஸ்டில் சேராத சின்னக் கம்பெனிகளின் வண்டியை எடுத்து விற்கப் பலர் போனார்கள். போட்டியை ஒழிக்க வந்த கம்பெனி தன் கடைக்காரர்களையே எதிராளியிடம் அனுப்பி வைத்தது.

1902 செப்டம்பரில் அமெரிக்கன் பைசைக்கிள் கம்பெனி வட்டி கட்ட முடியாமல் நீதிமன்றம் நியமித்த ரிசீவர் கைக்குப் போனது. மூன்று வருஷம்தான் தாக்குப்பிடித்தது. அடுத்த வருஷம் போப் தன் பெயரிலேயே கம்பெனியைத் திரும்ப அமைத்தார். விளம்பரத்தில் பணத்தைக் கொட்டினார். பழைய நாட்கள் திரும்பவில்லை. 1904-இல் நாடு முழுவதும் செய்த சைக்கிள்கள் சுமார் இரண்டரை லட்சம். ஐந்து வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. போப் கார் பக்கமும் கை வைத்தார். போப்-ஹார்ட்ஃபோர்ட், போப்-டொலிடோ என்று பல பெயர்களில் வண்டிகள் வந்தன. 1907-இல் அந்தக் கம்பெனியும் ரிசீவர் கைக்குப் போனது. 1909 ஆகஸ்டில் போப் காலமானார். நல்ல சாலை வேண்டும் என்று அமெரிக்கா முழுவதும் குரல் எழுப்பியவர், சாலைப் பொறியியல் கற்பிக்கக் கல்லூரிக்குப் பணம் கொடுத்தவர். கடைசி வருஷங்களின் கணக்கை மட்டும் வைத்து அவரை எடைபோடக் கூடாது.

இந்தச் சரிவில் கடையைக் காப்பாற்றிக்கொண்டவர்களும் இருந்தார்கள். அவர்களில் எல்லாருக்கும் தெரிந்த இருவர் ஒஹையோ மாநிலம் டேட்டன் நகரத்தில் இருந்தார்கள்: வில்பர் ரைட், ஆர்வில் ரைட். 1892-இல் ஆர்வில் ஒரு புதுக் கொலம்பியாவை 160 டாலர் கொடுத்து வாங்கினார். வில்பர் கொஞ்சம் பொறுத்து, ஏலத்தில் பழைய ஈகிள் வண்டி ஒன்றை 80 டாலருக்கு எடுத்தார். அந்த வருஷக் கடைசியில் சகோதரர்கள் கடை பிடித்தார்கள். புது வண்டி விற்றார்கள், பழசை மாற்றாக எடுத்துக்கொண்டார்கள், வாடகைக்கு விட்டார்கள், ரிப்பேர் பார்த்தார்கள். ஒரே தெருவை ஒட்டி நிறையச் சைக்கிள் கடைகள் வந்துவிட்டதும் 1896-இல் சொந்தமாக வண்டி செய்ய ஆரம்பித்தார்கள். வான் கிளீவ் என்பது உசந்த ரகம். செயின்ட் கிளேர் அதற்குக் கீழ்.

அவர்கள் செய்த முறையைக் கவனிக்க வேண்டும். ஆர்டர் கையில் வந்த பிறகுதான் வண்டி. வருஷத்துக்குச் சில டஜன்களுக்கு மேல் போகவில்லை. பாகங்களை வெளியில் வாங்கினார்கள். ஹப்பை மட்டும் எண்ணெய் நிற்கிற மாதிரி சொந்தமாகச் செய்தார்கள், தூசி உள்ளே போகாது. 1900-இல் தங்கள் வண்டியின் பெடல் தானாகக் கழன்று விழாது என்று விளம்பரம் செய்தார்கள். வலது பெடலுக்கு வலது மரை, இடது பெடலுக்கு இடது மரை. இன்று நம் தெரு முனையில் சைக்கிள் கடையில் வேலை கற்கிற பையனுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. சந்தை படுத்து, பாகங்களின் விலையும் படுத்தபோது வான் கிளீவை 50 டாலருக்குக் கீழே அவர்களால் இறக்க முடிந்தது. கிடங்கில் பழைய விலைச் சரக்கு தேங்கியிருந்த பெரிய கம்பெனிக்கு அது முடியாது. புது வண்டி விற்காத மாதத்திலும் பஞ்சர் வரும், ரிம் கோட்டம் எடுக்க வரும், செயின் அறுந்து வரும்.

அந்தக் கல்லாப்பெட்டியில் இருந்துதான் பறக்கும் மெஷினுக்குப் பணம் போனது. 1901-இல் சார்லி டெய்லர் என்ற மெக்கானிக்கை வேலைக்கு எடுத்தார்கள். பறக்கும் சோதனைக்காக இவர்கள் கிட்டி ஹாக் போயிருந்த நாட்களில் கடையை அவர் பார்த்துக்கொண்டார். அந்த வருஷம் இறக்கையின் தூக்குவிசையை அளக்க மேல்மாடியில் காற்றுக் குழாய் கட்டினார்கள். அதற்குள் வைத்த தராசு, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியிலும் ரம்பத் தகட்டிலும் செய்தது. 1903 டிசம்பரில் பறந்த விமானத்தில் எஞ்சினில் இருந்து புரொப்பெல்லருக்குச் சக்தியைக் கொண்டுபோனது செயினும் பல்சக்கரமும்.

இன்னும் சிலர் தப்பித்த வழி வேறு. ராம்ப்ளர் வண்டி செய்த தாமஸ் ஜெஃப்ரி தன் கம்பெனியை டிரஸ்டுக்கு விற்றார். டிரஸ்ட் மூடிவைத்திருந்த கெனோஷா சைக்கிள் ஆலையை அதனிடமிருந்தே வாங்கி 1902-இல் ராம்ப்ளர் என்ற பெயரில் கார் விற்க ஆரம்பித்தார். சிகாகோவில் 1895-இல், அதாவது கூட்டம் நிரம்பி வழிந்த பிறகு தொழிலுக்கு வந்த ஜெர்மானியர் இக்னாஸ் ஷ்வின், டிரஸ்டில் சேரவில்லை. நொடித்துப்போன ஒரு கம்பெனியின் ஆலையை மலிவாக எடுத்துக்கொண்டார். அந்தப் பெயர் 20-ஆம் நூற்றாண்டு முழுவதும் அமெரிக்கப் பிள்ளைகளின் வாயில் இருந்தது. 1992 அக்டோபரில் ஷ்வினும் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. அதன் வரலாற்றுக்குத் தனி அத்தியாயம் வரும்.

இது பழைய கதை மட்டும் இல்லை. கொரோனா நாட்களில் உலகம் முழுவதும் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும், கம்பெனிகள் வருஷக்கணக்கில் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்ததும், அந்தச் சரக்கு வந்து சேர்ந்தபோது வாங்க ஆள் இல்லாமல் போனதும் நம் கண் முன்னால் நடந்தது. 2023 அக்டோபரில் பிரிட்டனின் பெரிய ஆன்லைன் சைக்கிள் கடையான விகிள் நொடித்தது. கிடங்கில் நின்ற சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளிய கம்பெனிகள், அதே வண்டியை முழு விலைக்கு எடுத்து வைத்திருந்த கடைக்காரர்களை என்ன செய்தன என்று கேட்டால் 1897-ஆம் வருஷத்துக் கொலம்பியா ஏஜென்டுகளின் பதில்தான் கிடைக்கும்.

அட்லான்டிக்குக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்திலும் 1890-களின் அதே வருஷங்களில் இதே மாதிரி ஒரு சரிவு நடந்தது. அங்கே பணத்தை இழந்தவர்கள் கடைக்காரர்களைவிடப் பங்கு வாங்கின பொதுமக்கள்தான் அதிகம். எர்னஸ்ட் டெரா ஹூலி என்பவர் 1896-இல் டன்லப் டயர் கம்பெனியை 30 லட்சம் பவுனுக்கு வாங்கி, சில வாரங்களில் 50 லட்சம் பவுனுக்குப் பங்குச் சந்தையில் இறக்கினார். ராலே கம்பெனியும் அவர் கை வழியாகத்தான் சந்தைக்குப் போனது. 1898 ஜூனில் அவரே திவாலானார். பிரபுக்களுக்குப் பணம் கொடுத்து அவர்கள் பெயரை டைரக்டர் பட்டியலில் போட்ட விவகாரமெல்லாம் அந்த வழக்கில்தான் வெளியே வந்தது. அவரைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)